புல்லைக் காசு குடுத்து வாங்குன பேரன்

ஏம்ப்பா பேராண்டி, மான்செஸ்டர்லேர்ந்து நீ அனுப்புன போட்டோவைப் பாத்தோம். வீட்டுக்குப் பின்னால ஒத்தை வாழை, சுத்திலும் வெறும் மண்ணு. "நம்ம ஊருத் தோப்பு மாதிரி வரணும் தாத்தா, என்ன செய்யலாம்"னு கேட்டிருக்கே. உங்க அப்பாயி போனை வாங்கி ரெண்டு விரலால இழுத்து இழுத்துப் பாத்தா. "கல்யாணம் முடிஞ்சு பந்தலைப் பிரிச்சிட்டு மறந்து விட்டுட்டுப் போன வாழை மாதிரில்ல நிக்குது"ன்னுட்டு ஒலை வைக்கப் போயிட்டா.

அவ சொன்னதுலதான் விசயமே கெடக்கு. வாழை நட்டுட்டா வெயில் ஊரு ஆயிடுமா? தோப்புக்குள்ள நின்னு குனிஞ்சு பாரு, காலடியில மண்ணே தெரியாது. மேல அகல இலை, கீழ நெருக்கமா மெல்லிசா ஏதாச்சும் படர்ந்து கெடக்கும். உன் கொல்லையில மண்ணு பல்லை இளிக்குது. அங்கதான் வேசம் கலையுது.

ஆனா இதை யாருகிட்ட வந்து கேக்குற பாத்தியா? குன்னம் பக்கத்துக் கரிசல்காட்டுல, மண்ணைத் தவிர வேற எதுவும் தெரியக் கூடாதுன்னு பாடுபட்ட பரம்பரை நாம. பருத்திக் காட்டுல நாலு கணு அருகு தலை நீட்டுனா, அந்த வீட்டுக்குப் பொண்ணு குடுக்கவே யோசிப்பாங்க. கோடை உழவு ஓட்டி, வேரைப் புரட்டிச் சித்திரை வெயில்ல காயப் போட்டு, பொறுக்கி வரப்புல எறிவோம். ஒரு மழை பேஞ்சா வரப்புலேர்ந்து அதுவே திரும்பக் காட்டுக்குள்ள நடந்து வந்துரும். சின்ன வெங்காயத்துல கோரை வந்துட்டா அதைவிட மோசம். தாளுக்கும் கோரைக்கும் நடுவுல களைக்கொத்தியை விட்டு நோண்டணும். கொஞ்சம் சாஞ்சா வெங்காயம் போச்சு. மேலோட கிள்ளுனா கிழங்கு உள்ள உக்காந்து சிரிக்கும். நீ என்னடான்னா புல்லைத் தொட்டி தொட்டியா காசு குடுத்து வாங்குறேங்குற. நல்லா இரு சாமி.

அருகையே போட்டா என்னன்னு கேட்டே. போடாதே. வெயில் நாட்டு கோல்ஃப் மைதானத்துல எல்லாம் பெர்முடா புல்லுன்னு பேரு வெச்சு இதைத்தான் வளக்குறான். குளிரு 10 டிகிரிக்குக் கீழ இறங்குச்சுன்னா பச்சையை உள்ள இழுத்துக்கிட்டு வைக்கோலாட்டம் படுத்துக்கும். உங்க ஊருல பாதி வருசம் படுத்தே கெடக்கும். உனக்கும் அதுக்கும் அதுல ஒரு ஒத்துமை இருக்கு.

இன்னொண்ணு கேளு. மழை இல்லாமத்தான் நம்ம ஊரு காயுதுன்னு நெனைக்காதே. நம்ம பெரம்பலூருக்கும் மான்செஸ்டருக்கும் வருச மழை கிட்டத்தட்ட ஒண்ணுதான், 800லேர்ந்து 900 மில்லிமீட்டருக்குள்ள. இங்க அது ஐப்பசி, கார்த்திகையில கொட்டிட்டு ஓடிப் போயிடும். அங்க வருசம் பூரா பேரம் பேசிப் பேசிச் சொட்டுது. ஈரம் காயாத மண்ணு கையில இருக்குறப்ப ஏன் கவலைப்படுற?

ஜப்பான்ல ஹாக்கோனேன்னு ஒரு மலைப்பக்கம். அந்தப் பேருலயே ஒரு புல்லு இருக்கு. ஒரு அடி உசரம், மூங்கில் இலையைச் சின்னதாக்குன மாதிரி, எல்லா இலையும் ஒரே பக்கம் சாஞ்சு வழியும். மஞ்சக் கோடு போட்டதும் உண்டு. அரை நிழல்ல, வாழைக்கு அடியில ஒரு அடிக்கு ஒண்ணா நடு. பனிக்காலத்துல காயும், பதறாதே. மாசி மாசம் தரையோட அறுத்து விட்டா அடுத்தாப்புல தளதளன்னு வரும். ஆனா அவசரத்துக்குப் படராது. கூடுறதுக்கு ரெண்டு மூணு வருசம் ஆகும், அதுவரைக்கும் இடையில மரப்பட்டைத் தூளைப் பரப்பி வை.

குளிருலயும் மண்ணு தெரியக் கூடாதுன்னா கறுப்பு மாண்டோ வாங்கு. இலை நெசமாவே கறுப்பு, நம்ம வெள்ளாட்டு முடி மாதிரி. புல்லுன்னு வித்தாலும் அது புல்லு இல்ல, தண்ணீர்விட்டான் கிழங்குக்குச் சொந்தம். அரையடிக்கு ஒண்ணு வை. கேரெக்ஸுன்னு இன்னொண்ணு விப்பான். அது நம்ம கோரைக்குப் பங்காளி. அதைக் காசு குடுத்து வாங்குற சேதி மட்டும் உங்க அப்பாயி காதுக்குப் போக வேணாம்.

இந்தத் தோப்புப் பைத்தியம் உனக்கு மட்டுந்தான்னு இல்ல. சசெக்ஸ் பக்கம் கிரேட் டிக்ஸ்டர்ல கிறிஸ்டோபர் லாயிடுன்னு ஒரு பெரிய மனுசன் இருந்தாரு. 1993ல, 72 வயசுல, லட்டியன்ஸ் வரைஞ்சு குடுத்த ரோசாத் தோட்டத்தையே பிடுங்கிட்டு வாழையும் கல்வாழையுமா நட்டாரு. லட்டியன்ஸ் யாருன்னு தெரியுமா? டெல்லியில ஜனாதிபதி மாளிகை கட்டுனவரு. எழுபது தாண்டுன கிழவன் நெனைச்சா என்ன செய்வான்னு உங்க அப்பனுக்கும் கொஞ்சம் எடுத்துச் சொல்லு.

வாழைன்னதும் நெனைப்பு வருது. கொல்லையிலேர்ந்து பூவன் கன்னு கேட்டியே, அது அங்க ஒரு பனிக்குத் தாங்காது. தாவரச் சான்றிதழ் இல்லாம ஏர்போர்ட்டைத் தாண்டவும் விடமாட்டான். உன்கிட்ட இருக்குறது ஜப்பான் வாழையாத்தான் இருக்கும். குளிர் வந்தா தண்டைச் சுத்தி வைக்கோல் கட்டு. காய்ச்சாலும் திங்க முடியாது. பொங்கலுக்கு இலை அறுக்கலாம்னு போனா பனியில கருகிக் கெடக்கும். பக்கத்துல நாலு சேப்பங்கிழங்கு ஊனிக்க. யானைக்காதுன்னு நர்சரியில அதிக விலை சொல்லுவான், தமிழ்க் கடையில கிலோ கணக்குல கெடைக்கும். பனி விழறதுக்குள்ள தோண்டி எடுத்துரு, இல்லேன்னா அழுகிப் போகும். வறுத்தும் திங்கலாம், அது உன் சாமர்த்தியம்.

அரியலூர்ல உன் மாமன் புது வீடு கட்டியிருக்கான்ல, சுண்ணாம்புக்கல்லு லாரி ஓட்டுற காசு. வாசல்ல கரிசலைத் தோண்டிட்டு செம்மண்ணைக் கொட்டி, கொரியப் புல்லைப் பாயாட்டம் சுருட்டிக் கொண்டாந்து விரிச்சிருக்கான். சித்திரையில 40 டிகிரி. லுங்கியை மடிச்சுக் கட்டிக்கிட்டு காலையும் சாயங்காலமும் ஓஸைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறான். ஆட்டை விட மாட்டேங்குறான், ஆளையும் மிதிக்க விட மாட்டேங்குறான். கேட்டா, "லண்டன் மாதிரி வேணும் மாமா"ங்குறான்.

ரெண்டு பேரும் வீட்டை மாத்திக்கிட்டா என்னப்பா? நான் பேசிட்டேன். டிக்கெட் செலவு அவனே குடுக்குறானாம், லாரி டியூ மட்டும் நீ கட்டணுமாம்.