படை தானே போரிட்டால்…

கே: 'டீம்ஃபைட் டாக்டிக்ஸ்' ஆட்டத்தில் படை தானாகவே சண்டை போடுகிறதே, ஆடுகிற என் மகனுக்கு அங்கே என்ன வேலை?
– வாசகர், புத்தலப்பட்டு

ப: கல்யாணச் சமையல்காரரின் வேலை! பந்தியில் அவர் பரிமாறுவதில்லை. ருசிக்குப் பொறுப்பு அவர்தான். ஓர் ஆட்டத்தில் மோதும் 8 பேரும் ஒரே பொதுக் குவியலிலிருந்து வீரர்களை வாங்கிப் படை சேர்க்கிறார்கள். எதிராளி அள்ளினால் உங்கள் மகனுக்குக் குறையும். ஒரே வீரர் மூன்று சேர்ந்தால் ஒரு நட்சத்திரம் கூடும். கையிருப்பில் ஒவ்வொரு 10 தங்கத்துக்கும் 1 வட்டி, உச்சம் 5. கஞ்சன் ஜெயிக்கலாம், ஆனால் உயிர் தீருமுன் பெட்டியைத் திறக்க வேண்டும்! 2019-இல் வந்த இந்த இலவச ஆட்டத்தில் காசு கொடுத்து அலங்காரம் வாங்கலாம், பலம் வாங்க முடியாது. அந்த நேர்மை எனக்கு மிகவும் பிடிக்கும். பக்கத்தில் உட்கார்ந்து வட்டிக் கணக்கைக் கேளுங்கள். மகன் சந்தோஷமாகச் சொல்லித்தருவான்.