அடிபட்டவரைப் பார்த்துக்கொள்வது எப்படி? உறவினர்களுக்கு ஒரு கையேடு

அறுவடை முடிந்தால் வேப்பந்தட்டை சுற்றுவட்டாரத்தில் பாதி ரோட்டில் மக்காச்சோளம் காயும். மீதிப் பாதியில் பைக் சறுக்கும். விழுந்தவர் உங்கள் மச்சானாக இருக்கலாம், சித்தப்பாவாக இருக்கலாம். போன் வந்ததும் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லையா? பதற்றம் வேண்டாம். இதுவரை செய்துவந்ததையே இன்னும் திருத்தமாகச் செய்யுங்கள்.

1. முதலில் தூக்குங்கள். 108-க்குச் சொல்லிவிட்டுக் காத்திருப்பதெல்லாம் ஈரமில்லாதவர்கள் வேலை. ஒருவர் அக்குளைப் பிடியுங்கள், ஒருவர் காலைப் பிடியுங்கள், தலை தொங்கட்டும். குட்டி யானையில் குறுக்கே கிடத்துங்கள். ஆம்புலன்ஸ்காரர்கள் கழுத்துக்குப் பட்டை கட்டி, உடம்பை முறுக்காமல் ஒரே வாக்கில் புரட்டிப் பலகைக்கு மாற்றுவார்கள். முதுகெலும்பு முறிந்திருந்தால் நரம்பு அறுபடக் கூடாதாம். அதற்குள் கூட்டம் கலைந்துவிடாதா?

2. சோடா கொடுங்கள். நினைவில்லாதவர் விழுங்க மாட்டார், அது நுரையீரலுக்குப் போகும். பரவாயில்லை, உள்ளேதானே போகிறது.

3. பெரம்பலூர் அரசு தலைமை மருத்துவமனையில், தலைக்காயம், உடனே திருச்சி மகாத்மா காந்தி நினைவு அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள் என்று எழுதிக் கொடுப்பார்கள். உங்கள் நேரம் இதுதான். வாசலிலேயே பஞ்சாயத்தைக் கூட்டுங்கள். பெரியப்பா சேலம் என்பார், மாமா தனியார் என்பார். 'இன்னுயிர் காப்போம் நம்மைக் காக்கும் 48' என்ற திட்டம் 2021 டிசம்பர் 18-இல் மேல்மருவத்தூரில் தொடங்கியது. சாலை விபத்தில் சிக்கியவர் எந்த ஊர்க்காரரானாலும், காப்பீட்டு அட்டையே இல்லாவிட்டாலும், திட்டத்தில் சேர்ந்த மருத்துவமனைகளில் முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்குப் பணம் கேட்க மாட்டார்கள். தனியாரிலும் அப்படித்தான். இது தெரிந்தவர் கூட்டத்தில் ஒருவராவது இருப்பார். அவரை டீ வாங்க அனுப்பிவிடுங்கள்.

4. முதலமைச்சரின் காப்பீட்டு அட்டையைப் பத்திரமாக வையுங்கள், அதாவது வீட்டுப் பீரோவில். ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை சிகிச்சை கிடைக்கச் செய்யும் அட்டை அது. 48 மணி நேரம் முடிந்த பிறகு அதைக் கேட்பார்கள். பீரோ சாவி, அடிபட்டவர் சட்டைப்பையில் இருந்தது. சட்டையை ஆஸ்பத்திரியில் கத்தரித்துப் போட்டுவிட்டார்கள்.

5. டாக்டரிடம் நடந்ததைச் சொல்லாதீர்கள். வண்டியிலிருந்து விழுந்தார் என்று ஒருவரும், லாரி தட்டியது என்று இன்னொருவரும், மாடியிலிருந்து விழுந்தார் என்று மூன்றாமவரும் சொல்லுங்கள். விபத்துப் பதிவேட்டில் முதலில் ஏறும் வாசகத்தைத்தான் பின்னால் நஷ்டஈட்டு வழக்கில் எதிர்த்தரப்பு வக்கீல் தேடி எடுப்பார். அவருக்கும் பிழைப்பு ஓட வேண்டும். குடித்திருந்தாரா என்று கேட்டால் கோபப்படுங்கள். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறாரா என்று கேட்டால், "வெள்ளையா ஒரு மாத்திரைங்க" என்று சொல்லி நிறுத்திக்கொள்ளுங்கள்.

6. ரத்தம் வேண்டும் என்றதும் கூட்டம் எப்படிக் கரைகிறது என்று பாருங்கள், அதில் நீங்களும் கரையுங்கள். 18 முதல் 65 வயதுக்குள் இருந்து, 45 கிலோவுக்குக் குறையாமல், நோய்நொடியும் இல்லாத ஆண், மூன்று மாதத்துக்கு ஒருமுறை ரத்தம் கொடுக்கலாம். எல்லாத் தகுதியும் இருக்கிறதா? "எனக்குக் கொஞ்சம் சுகர்" என்று சொல்லிவிட்டு, கேண்டீனில் போண்டாவும் சர்க்கரை தூக்கலாக ஒரு டீயும் சொல்லுங்கள்.

7. வார்டுக்குள் கும்பலாகப் போங்கள். அவருக்கு மூக்கு வழியாகக் குழாயில் கஞ்சி போகும், நீங்கள் ஆப்பிளும் ஹார்லிக்ஸும் கொண்டுபோங்கள். சிறுநீர்ப் பை கட்டிலுக்குக் கீழே தொங்குவது பார்க்க அசிங்கமாக இருந்தால் எடுத்து மெத்தைமேல் வையுங்கள். சிறுநீர் வந்த வழியே திரும்பிப் போய்க் கிருமி பரவும், அது டாக்டர் பாடு. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைக்கச் சொல்லி நர்ஸ் படித்துப் படித்துச் சொல்வார். "பாவம், தூங்குறாரு, அசைக்காதீங்க" என்று தடுத்துவிடுங்கள். சில நாளில் இடுப்பில் படுக்கைப்புண் வரும். எலும்பு தெரியும் அளவுக்குப் போனால் ஆஸ்பத்திரியைத் திட்டலாம்.

8. நினைவில்லாதவருக்குக் காது கேட்காது என்று வைத்துக்கொள்ளுங்கள். கட்டிலருகே நின்று காலை எடுப்பார்களா, கிணற்றுப் பங்கு யாருக்கு என்றெல்லாம் பேசுங்கள். பேசி முடித்ததும் ஒரு படம் எடுத்து ஸ்டேட்டஸில் போடுங்கள், கும்பிடும் கை மூன்று சேர்த்து.

9. வீடு திரும்பியதும் தீர்ப்பு சொல்லுங்கள்: "இனிமே எங்க எந்திரிக்கப் போறாரு?" 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் வழியாக வீட்டுக்கே வந்து தசைப் பயிற்சி தருவார்கள். வலிக்கிறது என்று சொல்லித் திருப்பி அனுப்புங்கள், கட்டைப் பிரித்து நாட்டு எண்ணெய் போடுங்கள். மேரி வர்கீஸ் கதையை யாராவது எடுத்தால் உஷார். வேலூர் சி.எம்.சி. டாக்டர். 1954-இல் கார் விபத்தில் இடுப்புக்குக் கீழே செயலிழந்தவர். அதன் பிறகும் சக்கர நாற்காலியில் உட்கார்ந்தே தொழுநோயாளிகளின் கைகளைச் சீராக்க அறுவை சிகிச்சை செய்தார். 1966-இல் அங்கேயே மறுவாழ்வு மையத்தையும் தொடங்கினார். "அவங்க டாக்டரு, நமக்கு அதெல்லாம் ஆவுமா?" என்று வாயை அடைத்துவிடுங்கள்.

10. இதை முன்னாலேயே சொல்லியிருக்க வேண்டும், முக்கியமானது. கட்டிலுக்குக் கீழே பாயை விரித்து ஒரு பெண் உட்கார்ந்திருப்பார், அடிபட்டவரின் மனைவி. ஸ்கேனுக்குத் தள்ளுவதும், மருந்துச் சீட்டோடு ஓடுவதும், பீ மூத்திரம் எடுப்பதும் அவர்தான். அவர் குளித்தாரா என்று கேட்காதீர்கள். "தைரியமா இரும்மா" என்று சொல்லுங்கள், இதற்குக் காசு ஆகாது. நடந்தது எப்படி என்று ஆதியோடந்தமாகச் சொல்லச் சொல்லுங்கள். அடுத்து வருகிறவருக்கும் அவரே சொல்லட்டும், அழுகை தானாக வரும். வெள்ளிக்கிழமை ஹெல்மெட் இல்லாமல் ஏன் அனுப்பினாய் என்று நாத்தனார் முறையில் ஒருவர் கேட்டே தீர வேண்டும். "இன்னைக்கு ராத்திரி நான் பார்த்துக்கிறேன், நீ வீட்டுக்குப் போய்த் தூங்கிட்டு வா" என்ற வார்த்தை நாக்கு நுனி வரை வரும். விழுங்கிவிடுங்கள்.

ஆறரை மணி ஆனதும் கடிகாரத்தைப் பார்த்து, "வரேம்மா, அப்புறம் பஸ் கெடைக்காது" என்று எழுந்திருங்கள். திருச்சியிலிருந்து பெரம்பலூர் வழியாக ராத்திரி முழுக்க பஸ் ஓடுகிறது. அது அவருக்கும் தெரியும்.