ஒத்தைக் கால் பூட்ஸ்

வா பேராண்டி, இங்கிட்டு உக்காரு. வலை பொத்துற ஊசியை மிதிச்சிராதே. உன் காலுக்கு ஒண்ணு ஆச்சுன்னா இந்தியாவே தாங்காதாமே, உங்க அப்பத்தா சொன்னா.

நீ கேக்குற கால்பந்து பூட்ஸு 6,500 ரூவாயாம். எனக்குத்தான் காது சரியில்லையோன்னு ரெண்டாந்தரம் கேட்டேன். ரெண்டாந்தரமும் அதே வெலைதான் சொன்னா, ஒரு ரூவா குறைக்கலை. அந்தக் காசுக்கு ஆட்டுக்குட்டி வாங்கிவிட்டா நாலு காலுல நடந்து வீட்டுக்கு வரும். நீ என்னடான்னா ரெண்டு காலுக்கே இவ்வளவு கேக்குற.

நான் பந்து பார்க்காதவன்னு நினைச்சிராதே. கல்கத்தா கிதர்பூர் துறையில கப்பல் பண்டாரியா சோறு வடிச்ச காலத்துல, பக்கத்து மெட்டியாபுரூசுக்காரன் ஒருத்தன் தினம் ஒரு கதை சொல்லுவான். நான் சொல்றதுல பாதி பொய்ம்பா உங்க அப்பத்தா. இது அந்தப் பாதி இல்லை.

முகமது சலீம்னு ஒருத்தரு. அந்த மெட்டியாபுரூசுலதான் பொறப்பு. முகமதன் ஸ்போர்ட்டிங் அணிக்கு வலது ஓரத்துல ஆடுவாரு. 1934லேருந்து 38 வரைக்கும் அஞ்சு வருசம் கல்கத்தா லீக்கை அவுக அணி யாருக்கும் விட்டுக் குடுக்கலை. அந்த ஓட்டத்துக்கு நடுவுல, 1936ல, உறவுக்காரர் ஒருத்தர் கூப்பிட்டாருன்னு சலீம் கப்பலேறிட்டாரு. அப்பல்லாம் நம்ம ஆளுக தனுஷ்கோடியில கப்பலேறித் தலைமன்னார்ல இறங்குனாலே சீமைக்குப் போயிட்டு வந்த மாதிரி ஒரு மாசம் பேசுவாக. அவரு போனது ஸ்காட்லாந்து, கிளாஸ்கோ. செல்டிக்னு அங்க பெரிய கிளப்பு.

அதோட மேனேஜரு வில்லி மேலி, முப்பத்தொம்பது வருசமா அந்தக் கிளப்பைக் கட்டி மேய்ச்ச ஆளு. அவருகிட்டப் போயி, எங்க ஆளு நல்லா ஆடுவான், ஆனா வெறுங்கால்லதான் ஆடுவான்னு சொன்னா சிரிக்காம என்ன செய்வாரு? எதிர்ல நிக்கிறவன் காலுல தோலும் ஆணியுமாப் பாறாங்கல்லு கணக்கா பூட்ஸு. மிதிச்சான்னா நண்டா மனுசனான்னு பார்க்க மாட்டான். இருந்தாலும் ஆடிக் காட்டச் சொன்னாரு மேலி. ஆடிக் காட்டின பெறகு சிரிப்பை முழுங்கிட்டுக் களத்துல இறக்கிட்டாரு.

பெரிய அணியில இல்லப்பா, ரெண்டாவது அணியில. உள்ளதைச் சொல்லணும்ல. காலுக்குக் கட்டுத்துணியச் சுத்திவிட்டவரு ஜிம்மி மக்மெனமி. அவரே அந்தக் காலத்துல பெரிய ஆட்டக்காரரு. சலீம் காலுக்கு அவரு துணி சுத்துற போட்டோ இன்னைக்கும் இருக்கு. ஹாமில்டனோட ஆடினதுல 5-1னு ஜெயிச்சாக. கால்ஸ்டனோட 7-1. மறுநாள் பேப்பர்க்காரன், இந்தியாவுலேருந்து வித்தைக்காரன் வந்திருக்கான்னு எழுதிட்டான்.

நம்ம பாம்பன்ல ஒரு சுருள் கட்டுத்துணி என்ன வெலைன்னு நான் ஏற்கெனவே விசாரிச்சுட்டேன். மூஞ்சியச் சுளிக்காதே, கேளு.

வெறுங்கால்ல ஆடுனது சலீம் மட்டுமில்லை. 1911ல கல்கத்தா மோகன் பகான் அணி வெள்ளைக்காரப் பட்டாளத்தை 2-1ன்னு சாய்ச்சுக் கேடயம் தூக்குனதே, அந்தப் பதினொரு பேர்ல பூட்ஸு போட்டிருந்தது ஒருத்தருதான். மிச்சப் பத்துப் பேரோட தாத்தாமாரும் என்னைய மாதிரி யோக்கியமான ஆளுகளா இருந்திருப்பாக.

சரி, சலீமுக்கு என்னாச்சு? கொஞ்ச மாசத்துல வீட்டு நெனப்பு வந்திருச்சு. இருந்துட்டுப் போன்னு செல்டிக்காரவுக கெஞ்சிப் பார்த்தாக. அவருக்காக ஒரு ஆட்டம் வச்சு வசூல்ல நூத்துக்கு அஞ்சு தாரோம்னாகளாம். நூத்துக்கு அஞ்சுன்னா என்ன கணக்குன்னு புரியாம, ஆட்டம் பார்க்க வந்த அநாதைப் பிள்ளைகளுக்கே குடுத்துருங்கன்னுட்டாரு மனுசன். அந்த ஊர்க் காசுல 1,800 பவுனுன்னு கேள்வி. கணக்குப் பாடத்துல நீயும் அவரு சாதிதான். ஆனா பூட்ஸு வெலைய மட்டும் பைசாவோட சொல்லுற.

அந்த 1,800 பவுனு எவ்வளவுன்னு தெரியணும்னா டிக்ஸி டீன் கதையக் கேளு. இங்கிலீஷ்காரன், பர்கன்ஹெட் துறைமுகத்து ஊரு, நம்மளை மாதிரிக் கடக்கரைக்காரன். எவர்டன் அணிக்கு 1927-28ல ஒரே லீக் பருவத்துல 60 கோல் அடிச்சான். கடைசி ஆட்டத்துக்கு வரும்போது மூணு கோல் பாக்கி; அர்செனலுக்கு எதிரா அந்த மூணையும் அடிச்சு முடிச்சான். இன்னைக்கு வரைக்கும் இங்கிலாந்து முதல் பிரிவுல அதை ஒருத்தன் தொடலை. நீ முதுகுல 7 போட்டுக்கிட்டுத் திரியுறியே, 1933ல இங்கிலாந்துக் கோப்பை இறுதியாட்டத்துல முதன்முதலா முதுகுல நம்பர் ஒட்டுனப்ப, 9 அவனுக்குத்தான். இம்புட்டுக்கும் வாரச் சம்பளம் என்ன? எவ்வளவு பெரிய ஆட்டக்காரனா இருந்தாலும் எட்டுப் பவுனுக்கு மேல குடுக்கக் கூடாதுன்னு அங்க லீக்ல விதியே வச்சிருந்தாக. சலீம் தெரியாம விட்ட காசைச் சேர்க்க டீன் நாலு வருசத்துக்கு மேல உதைச்சிருக்கணும். ஆடி முடிச்ச பெறகு செஸ்டர்ல ஒரு சாராயக்கடையத்தான் பார்த்துக்கிட்டான். அந்தத் தொழிலுக்குப் பந்து உதைக்கவே வேண்டாம், நம்ம ஊர்லயே நேராப் போயிரலாம். 1976ல ஒரு காலை எடுத்துட்டாக. 1980ல அதே எவர்டன் மைதானத்துல ஆட்டம் பார்த்துக்கிட்டு இருக்கையிலேயே உசுரு போச்சு.

சலீமும் அதே 1980லதான் போனாரு, கல்கத்தாவுல. அதுக்கு முன்னாடி அவரு உடம்புக்கு முடியாம இருந்தப்ப மகன்காரன் ஒரு காரியம் பண்ணினான் பாரு, அதுதான் எனக்குப் பிடிச்ச இடம். அப்பாவுக்கு வைத்தியச் செலவுக்குக் காசு வேணும்னு செல்டிக்குக்கு ஒரு கடுதாசி போட்டான். நூறு பவுனுக்கு டிராப்ட் வந்துச்சு. மாத்தலை. பத்திரமா வச்சுக்கிட்டான். எங்க அப்பாவை அவுக மறந்துட்டாகளான்னு பார்க்கத்தான் கேட்டேன்னுட்டான். காசு கேக்குறதுன்னா அப்படிக் கேக்கணும்டா. நீ கேக்குற மாதிரியா, அப்பத்தா முந்தானைக்குப் பின்னால நின்னுக்கிட்டு!

எந்திரிச்சுப் போகாதே. பூட்ஸு வேண்டாம்னு நான் எங்க சொன்னேன்?

நாளைக்கு விடியுமுன்ன தனுஷ்கோடிப் பக்கம் கரைவலை இழுக்கப் போறோம், ஆண் கடல்ல. கயித்துக்கு ஆள் குறையுது. மணல்ல குதிகால் புதைய பின்னாடியே நடந்து இழுத்தா, உங்க கோச்சு சொல்லிக் குடுக்காத பலமெல்லாம் கெண்டைக்கால்ல ஏறும். மடி கரைக்கு வந்து மீனு பிரிச்சதும் உனக்கும் ஒரு பங்கு போடச் சொல்றேன். நெத்திலியும் சூடையும் இப்பப் போற வெலைக்கு, லீவு முடியுறதுக்குள்ள பாதிக் காசு சேர்த்துருவ.

பாதிக் காசுக்கு ஒத்தைக் கால் பூட்ஸுதான் வரும். நீ எந்தக் கால்ல உதைப்ப?