மெய் புள்ளியோடு நிற்குமா? ரவுட்டர் மேடையில் ஓர் ஆய்வு

மெய்யெழுத்து புள்ளியோடு நிற்கும் என்று தொல்காப்பியர் விதித்த காலத்தில் சிஎன்சி ரவுட்டர் இல்லை, அவரைக் குறைசொல்வதற்கில்லை. ஆனால் 12 மி.மீ. பிளைவுட்டில் ‘வள்ளி இல்லம்’ என்று வீட்டுப் பெயர் வெட்டிய எமது பட்டறையில் மெய் மூன்றும் நின்றன, புள்ளி மூன்றும் பறந்தன. ஒன்று கதவில் பட்டது. ஒன்று டீ கிளாஸில் விழுந்தது. மூன்றாவது இன்றுவரை ஆய்வுக்குக் கிட்டவில்லை.

“வேக்யூம் பிடிச்சுக்கும்” என்பது முந்தைய கொள்கை. வேக்யூம் எதையும் பிடிப்பதில்லை. கீழே காற்றை உறிஞ்சிவிட்டால் மேலே இருக்கும் காற்று பலகையை அமுக்குகிறது, அவ்வளவே. முழு வெற்றிடம் கிடைத்தாலும் சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ ஒரு கிலோ. எட்டுக்கு நாலு ஷீட்டுக்கு அது கணக்குப்படி 29 டன்னைத் தாண்டும், 15 மி.மீ. புள்ளிக்கு இரண்டு கிலோகூடத் தேறாது. அதுவும் கீழ்நோக்கிய அமுக்கம். பிட் இடிப்பதோ பக்கவாட்டில். அங்கே காப்பாற்ற உராய்வைத் தவிர நாதியில்லை. 18,000 ஆர்பிஎம்மில் சுற்றும் இரண்டு வெட்டுமுனை பிட், விநாடிக்கு 600 முறை புள்ளியைச் சீண்டுகிறது. மனிதராயிருந்தாலும் எழுந்து போய்விடுவார்.

போதாததற்கு, வெட்டிய தடமெல்லாம் காற்று நுழையும் வழி. வெட்ட வெட்ட வேக்யூம் இறங்கும். யாமோ எழுத்தை முடித்துவிட்டுக் கடைசியில்தான் புள்ளி வைத்தோம். பள்ளிக்கூடப் பழக்கம்.

பிற மரபுகளும் உண்டு. உள்ளங்கையால் அமுக்கிக்கொள்வோரின் விரல் எண்ணிக்கை பற்றி இங்கே பேசுவது நாகரிகமன்று. கிளாம்ப் மரபு நல்ல மரபு: போல்ட் ஜாப்பை ஒட்டி இருக்கவேண்டும், பின்பக்க முட்டு ஜாப்பைவிட ஒரு நூல் உயரமாக இருக்கவேண்டும், பிட் போகும் வழியில் கிளாம்ப் நிற்கக் கூடாது. இந்த மூன்றாவதை எல்லோரும் ஒருமுறை பிட்டை உடைத்தே கற்கிறார்கள். ஸ்பிண்டில் நிற்குமுன் கிளாம்பைத் தளர்த்துவோருக்கு ஆப்பசைத்த குரங்கின் கதையைப் பரிந்துரைக்கிறோம். மாஸ்கிங் டேப்பை மேடையில் ஒன்று, பலகையடியில் ஒன்று ஒட்டி, நடுவே ஃபெவிக்விக் விடுவோரும் உளர். சின்னப் பலகைக்கு அது அபாரம்.

புள்ளிக்கு எமது தீர்வு, தொப்புள்கொடி. வட்டத்தை முழுதாக அறுக்காமல் சுற்றிலும் மூன்று இடங்களில் சிறு பாலம் விடுவது. மெஷின் நின்றபின் உளியால் தட்டி, உப்புத்தாள் போட்டால் சுவடு தெரியாது. வரிசையும் தலைகீழ்: புள்ளி முதலில், மெய் பிறகு.

இதற்கிடையே, புள்ளியில்லாத பெயரை வாடிக்கையாளரிடம் கொடுத்து, ஓலைச்சுவடிகளில் பெரும்பாலும் புள்ளி இடும் வழக்கமில்லை என்ற வரலாற்று உண்மையை விளக்கினோம். அவர் பொறுமையாகக் கேட்டார். பிறகு, “சுவடிக்கு என்ன ரேட்டோ அதையே வாங்கிக்குங்க” என்றார். மறுநாள் மூன்று புள்ளி வெட்டினோம், உபரியாக நான்கு.