கெழங்கு திங்கப் போற மருமவனுக்கு

மருமவனே, கர்ஜத் மலையில மழைக்காலத்துல நடக்கப் போயி, செங்காந்தள் கெழங்கைத் தோண்டி மஞ்சப்பையில கொண்டாந்திருக்கியளாமே? கால் பெருவிரல் வீக்கத்துக்கு மருந்துன்னு எவனோ போன்ல சொன்னானாம். மெத்தச் சரி. திங்கதுக்கு முன்ன விரல்ல கெடக்க மோதிரத்தை மட்டும் கழட்டி மாமன் கையில குடுத்திருங்க.

கோவிச்சுக்கிடாதிய. அவன் சொன்னது முழுப் பொய்யும் இல்ல, அதான் சங்கடம். செங்காந்தளோட கெழங்கு, அதான் கண்வலிக்கெழங்கு, அதுல கோல்சிசின்னு ஒரு சரக்கு இருக்கு. 1820லயே பெல்தியே, கவாந்துன்னு ரெண்டு பிரெஞ்சுக்காரவ, இதுக்குச் சித்தப்பன் மவ முறையான ஒரு செடியில இருந்து பிரிச்செடுத்தது. உங்களுக்கு வந்திருக்க கவுட் நோவுக்கு டாக்டர் எழுதுத மாத்திரையே அதுதான். ஒரு மாத்திரையில அரை மில்லிகிராம். ஒங்க பையில கெடக்கதுல எத்தனைன்னு தொண்ணூறடி ரோட்டு மளிகைக்கடைத் தராசு சொல்லுமா?

மூட்டுல படிஞ்ச உப்பைப் பாத்துச் சண்டைக்கு ஓடுத வெள்ளணுவோட காலை இந்தக் கோல்சிசின் கட்டிப்போடும், வீக்கம் வத்தும். அளவு மிஞ்சினா? செல்லு ஒண்ணு ரெண்டாகணும்னா உள்ள நூல் திரிச்சு இழுக்கணும். அந்த நூலையே திரிக்க விடாது. ஓயாமப் பெருகுத குடலு, எலும்பு மஜ்ஜை, மயிர்க்கால், அங்கதான் அடி. வாந்தி, பேதின்னு சயான் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போனா, முறிவு மருந்துக்கு அவுக எங்க போவாக? பிழைச்சு வந்தாலும் ரெண்டு வாரத்துல தலைமயிர் கொத்துக் கொத்தா உதிரும். திருப்பதி ரயில் செலவு மிச்சம்னு வேணா வச்சுக்கிடுங்க.

தமிழ்நாட்டுக்கு மாநிலப் பூவே இந்தச் செங்காந்தள்தான். மூலனூர், ஒட்டன்சத்திரம் பக்கம் பந்தல் கட்டி வளக்காவ. சூல்தண்டு ஒருபக்கமா மடங்கிக் கெடக்குமா, அதனால பூவுக்குப் பூ ஆளு நின்னு மகரந்தம் தொட்டு வைக்கணும். பூவுக்குக் கல்யாணம் பண்ணி வைக்க மனுசன்! விதை கப்பலேறி மருந்துக் கம்பெனிக்குப் போவுது. அம்புட்டுப் பாடுபடுதவன் ஒருத்தனும் அந்தக் கெழங்கைக் கொழம்பு வைக்கல, பாத்துக்கிடுங்க. சித்த வைத்தியரே மோர்ல உப்புப் போட்டு நாள்கணக்குல ஊறவச்சுச் சுத்தி பண்ணாமத் தொடமாட்டாரு.

நம்ம சால் மராட்டிப் பாட்டி இந்தச் செடியைக் களலாவிம்பா. வலியை மூட்டிவிடுததுன்னு அர்த்தம். ஊருக்குள்ள சண்டை மூட்டுதவனையும் அவுக களலாவ்யா நாரதருன்னுதான் சொல்லுதாவ. ஒங்களுக்குப் போன்ல வைத்தியம் சொன்னவன் எந்தச் சாதியின்னு இப்பத் தெரியுதா?

சரி, பையை அத்தை கண்ணுல படாம வையுங்க. சர்க்கரைவள்ளின்னு நெனச்சு அவிச்சிருவா. அவிச்சதை மொதல்ல எனக்குத்தான் வைப்பா.