மருதோன்றியும் எண்ணெயும்: கல்முனைக் கரையோர முடிச்சாயக் கோட்பாடுகள் பற்றிய ஓர் அவசர ஆய்வு

மருதமுனை முதல் நிந்தவூர் வரையான கரையோரத்தில், நோன்புப் பெருநாளுக்கு முந்திய வாரம் ஒரு வழக்கு வீடுவீடாக விசாரணைக்கு வருகிறது: முடிக்கு மருதோன்றி வைக்கும்போது எண்ணெய் சேர்க்கலாமா? கைக்கு வைப்பது சித்திரக்கலை. அது இவ்வாய்வின் எல்லைக்குள் வராது. ஒலுவிலில் முழுசாக ஒரு பல்கலைக்கழகம் இருந்தும் இந்தத் துறைக்கென ஒரு கதிரைகூட ஒதுக்கப்படாததால், ஆய்வு குசினி வாசலில் நடத்தப்பட்டது.

நரைக்குச் சாயம் போடலாமா என்பதில் இங்கே தகராறு இல்லை. 630இல் மக்கா வெற்றியின்போது அபூபக்கர் (ரலி) அவர்களின் தந்தை அபூகுஹாபா தூய வெண்முடியோடு அழைத்து வரப்பட்டதும், அதை மாற்றுங்கள், கறுப்பைத் தவிருங்கள் என்று நபி (ஸல்) அவர்கள் சொன்னதும் ஸஹீஹ் முஸ்லிமில் பதிவாகியுள்ளன. கல்முனைச் சந்தையில் நாம் காணும் செம்மஞ்சள் தாடிகளுக்கு இதுவே ஆதாரம். அந்த அறிவிப்பில் எண்ணெயைப் பற்றிப் பேச்சில்லை. அந்த வெற்றிடத்தில்தான் எங்கள் பெண்கள் சட்டம் இயற்றுகிறார்கள்.

இதில் மூன்று சிந்தனைப் பள்ளிகள் உண்டு. முதற்பள்ளி மூத்தம்மாமாருடையது. அதன் மூலவாக்கியம்: "எண்ணெயத் தொடாத மகள், சாயம் புடிக்கா." இரண்டாவது ராத்தாமாருடையது: "எண்ணெய் இல்லாட்டி முடி தும்பு மாதிரிப் போயிரும்." மூன்றாவது பள்ளியினர் பக்கெட்டின் பின்புறத்தை மட்டும் வாசிப்பவர்கள். அரை மணித்தியாலத்தில் கன்னங்கரேலென்று கறுக்கும் பொடியைக் காட்டி இதுவும் மருதோன்றிதான் என்று வாதிடுவார்கள். மருதோன்றி தனியே நின்று கறுப்பாகாது. கறுத்தால் பெரும்பாலும் அதற்குள் பாரா-ஃபெனிலீன்டயமீன் இருக்கிறது. சிலருக்கு அது தோலைக் கொப்பளிக்க வைக்கும். இப்பள்ளியை இத்துடன் நீக்கிவிட்டு மேலே செல்வோம்.

செடியைப் பற்றி ஒரு குறிப்பு. லின்னேயஸ் 1753இல் இதற்கு முள்ளில்லாதது, முள்ளுள்ளது என இரண்டு பெயர் வைத்தார். இரண்டும் ஒரே செடி. வயது போனால் முள் வைக்கும். ஒரு மூத்தம்மாவிடம் கேட்டிருந்தால் ஐரோப்பாவுக்கு ஒரு பெயர் மிச்சமாகியிருக்கும்.

இனி வேதியியல். இலையில் உள்ள சாயப்பொருளின் பெயர் லோசோன். இலையை நீரில் குழைத்து, கொஞ்சம் தேசிக்காய்ப் புளி விட்டு ஊறவைத்தால் அது மெல்ல வெளியேறி, முடியின் கெரட்டீன் புரதத்தோடு பிணைந்துகொள்கிறது. முடிமேல் எண்ணெய் படர்ந்திருந்தால் நீரோடு வரும் சாயம் வழுக்கிப் போகும். மூத்தம்மா பள்ளிக்கு இது முதல் வெற்றி. ஆனால் 2003இல் ரெலே, மொஹிலே என்ற இரு இந்திய ஆய்வாளர்கள் தேங்காய் எண்ணெய், சூரியகாந்தி எண்ணெய், கனிம எண்ணெய் மூன்றையும் ஒப்பிட்டு, முடியிலிருந்து புரதம் கழிவதைத் தேங்காய் எண்ணெய் மட்டுமே குறைக்கிறது, காரணம் அது முடிக்கு உள்ளேயே போகிறது என்று எழுதினார்கள். உள்ளே போவதால் முடிக்கு நல்லது என்றது ராத்தா தரப்பு. உள்ளே போய் இடத்தைப் பிடித்துக்கொண்டால் சாயம் எங்கே போவது என்றது மூத்தம்மா தரப்பு. ஒரே ஆய்வு இரு தரப்புக்கும் சாட்சியாக நிற்பது கல்விமான்களுக்குப் புதிதல்ல.

தீர்ப்புக்கு மருதமுனையின் தறிகளை நாடலாம். சாரன் நெய்யும் ஊருக்குச் சாயத்தைப் பற்றி யாரும் பாடம் எடுக்கத் தேவையில்லை. பருத்தி நூலிலுள்ள மெழுகும் பசையும் போகக் காரம் போட்டு அவித்த பிறகுதான் சாயம் ஒழுங்காக ஏறும். முடி பருத்தியல்ல என்று ராத்தா தரப்பு ஆட்சேபித்தது. நியாயமே, முடி கம்பளியின் இனம். ஆனால் ஆட்டுக் கம்பளியையும் கொழுப்பு நீங்கக் கழுவிய பிறகே சாயமிடுகிறார்கள். ஆட்சேபம் தள்ளுபடி.

இந்த இடத்தில்தான் ஆய்வு ஒரு ஊழலைக் கண்டுபிடித்தது. எண்ணெயை இவ்வளவு வன்மையாக எதிர்க்கும் மூத்தம்மாவின் கோப்பைக்குள் எருமைத் தயிர் இருக்கிறது, முட்டையும் இருக்கிறது. எருமைப் பாலில் நூற்றுக்கு ஏழளவு கொழுப்பு. மஞ்சட்கருவில் கால்பங்குக்கும் மேல். போத்தலில் வந்தால் ஹராம், சட்டியில் வந்தால் மருந்தா? விசாரித்தபோது கிடைத்த பதில்: "அது வேற, இது வேற." வேறு எந்த ஆய்விதழும் இதைவிடத் தெளிவான முறையியல் விளக்கத்தைத் தந்ததாகத் தெரியவில்லை.

குழைக்கும்போது சிலர் சொட்டு விடும் யூக்கலிப்டஸ் எண்ணெயோ இந்த வழக்கில் எதிரியே அல்ல. கடுதாசியில் ஒரு சொட்டு விட்டுப் பாருங்கள், பிசுக்கில்லாமல் பறந்துவிடும். தேங்காய் எண்ணெயின் வட்டம் அடுத்த பெருநாள் வரைக்கும் கிடக்கும். யூக்கலிப்டஸ் பெயரில் மட்டும் எண்ணெய்.

ஆக, சண்டை எண்ணெயோடு அல்ல, நேரத்தோடு. வைப்பதற்கு முன்பு சீயாக்காய் போட்டு முழுகி எண்ணெயைப் போக்குவது முறை. குழைக்கும்போது ராத்தாவின் திருப்திக்கு ஒரு கரண்டி விட்டால் குடி முழுகாது, சிவப்பு சற்றுக் குறையும். அலசிய பிறகோ தாராளமாகத் தேய்க்கலாம். நிறம் காற்றுப்பட்டு இரண்டு மூன்று நாளில் தானாகக் கடுமையாகும். காய்ந்த முடி அதற்குள் மிருதுவாகும். இரு பள்ளியும் இவ்விணக்கத்தை ஏற்க மறுத்துவிட்டன.

எஞ்சுவது தலையணைப் பிரச்சினை. எண்ணெய் தேய்த்த புதுச்சாயம் இரவில் உறையில் இறங்கும். அமெரிக்க மானிடவியலாளர் டெனிஸ் மக்கில்வ்ரே அக்கரைப்பற்றை ஆராய்ந்து 2008இல் வெளியிட்ட நூல் விவரிப்பதுபோல, இக்கரையில் குடி தாய்வழி, வீடு மகளுக்கு, மாப்பிள்ளை அங்கே வந்து சேர்பவர். வீடு யாருடையதோ தலையணையும் அவருடையது. ஆகவே தாடிக்குச் சாயம் போட்டு எண்ணெயும் பூசிய மருமகன் அந்த இரவில் எப்படிப் படுப்பது என்பதை மாமியே தீர்மானிக்கிறார்: "மகள், அவருக்கு அந்தப் பழைய சாரனை எடுத்துக் குடு. தலகாணிக்கு மேல விரிக்கட்டும்."