பச்சை மனிதனின் கருணை

மூட்டு மாற்றி வீட்டுக்கு அனுப்பும்போது "நிறைய நடங்க" என்கிறார்கள். எங்கே நடப்பது? சிங்கப்பூரின் தேக்கா பக்கத்து ஐந்தடிப் பாதைகளில் வெங்காய மூட்டையும் பயணப்பெட்டியும் நமக்கு முன்பே வந்து ஓய்வெடுக்கின்றன. சாலையைக் கடக்கலாமென்றால், 2009 முதல் அரசு ஒரு தயவு காட்டுகிறது: சில சந்திப்புகளில் மூத்தோர் அட்டையைத் தட்டினால், சாலையின் அகலத்தைப் பொறுத்து, சமிக்ஞை விளக்கில் பச்சை மனிதன் 3 முதல் 13 விநாடி கூடுதலாக நிற்பான். வட்டிக்கடைக்காரர்கூட இவ்வளவு துல்லியமாகத் தவணை கொடுத்ததில்லை.

மூட்டு மாற்றிக்கொண்ட பெரியப்பாவுக்கு இதெல்லாம் போதவில்லை. பாசிர் ரிஸ் கடற்கரையில் கூடாரம் அடிக்க வேண்டுமாம். தேசியப் பூங்காக் கழகத்தின் அனுமதி வேண்டும், அது கிடைத்துவிடும். உள்ளே போவதுதான் பாடு. வாசல் இடுப்பளவு, தவழ்ந்துதான் நுழைய வேண்டும். மருத்துவரோ மண்டி போடாதீர்கள், சம்மணம் வேண்டாம் என்று சொல்லியிருக்கிறார்.

"சரி, வெளியில நாற்காலி போட்டு உட்கார்ந்துக்கிறேன்" என்றார்.

"அதுக்கு நம்ம புளோக்கு கீழயே உட்காரலாமே," என்றார் பெரியம்மா. "அவசரமுன்னா லிஃப்டுல ஏறி வீட்டுக்கு வந்துடலாம்."